திறந்த மோட்டாரில் ஊரூர் குப்பம்

சென்னைவாசிகளுக்குக் கடற்கரை என்றால் இரண்டே இரண்டுதான். ஒன்று மெரினா, மற்றது எலியட்ஸ் பீச். பெஸன்ட் நகருக்குப் போக வேண்டியது. சுண்டல் வாங்க வேண்டியது. 1930-ஆம் ஆண்டில் நீரில் தத்தளித்த பெண்ணைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டேனிஷ் மாலுமியின் நினைவு மண்டபத்தருகே நின்று படம் பிடித்துக்கொள்ள வேண்டியது. வேளாங்கண்ணி மாதாவுக்கும் அஷ்டலக்ஷ்மிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டியது. கடற்கரைக் கணக்கு அத்துடன் தீர்ந்தது. எல்லாரும் தெற்கே பார்த்துக்கொண்டு நடக்கிறார்களே தவிர, அதே மணலில் வடக்கு முகமாகத் திரும்பிச் சிறிது தூரம் நடந்தால் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் சிலரே.

அங்கே இருப்பதுதான் ஊரூர் ஒல்காட் குப்பம். கிழக்கே வங்காள விரிகுடா. வடக்கே அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். மேற்கே மாடி வீடுகள் நிறைந்த பெஸன்ட் நகர். இவற்றுக்கு நடுவே, ஊரூர் குப்பம் என்றும் ஒல்காட் குப்பம் என்றும் அடுத்தடுத்து அமைந்த இரண்டு மீனவக் குடியிருப்புகள் பேச்சு வழக்கில் ஒன்றாகி, ஒரே பெயராக வழங்கி வருகின்றன.

இந்த ஊருக்கு நாங்கள் போனது ஒரு திறந்த மோட்டாரில். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி ஊரைப் பற்றியும், பாதி சத்தத்தைப் பற்றியும் இருக்கும். 'ஊருக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கும் நேயர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சம்பந்தம் இருக்கிறது.

தலை மழித்த ஹெரால்டு

என் தாய்மாமா மயிலாப்பூர்வாசி. அவரிடம் ஒரு பழைய 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' இருக்கிறது. இரண்டு கதவு, இரண்டு வர்ணம், முன் மூடியைத் தூக்கினால் மூக்கு முழுவதுமே முன்பக்கம் சாய்ந்து, முதலை வாயைப் பிளந்தாற்போல் எஞ்சினைக் காட்டும். முன்பு வைத்திருந்த யாரோ ஒரு ரஸிகர் அதன் தகரக் கூரையைக் கழற்றிவிட்டுக் கான்வாஸ் கூரை போட்டு, அதை முறைப்படி பதிவுப் புத்தகத்திலும் ஏற்றியிருந்தார். அன்று முதல் அது ஸ்போர்ட்ஸ் கார் என்பது மாமாவின் வாதம். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. 1962-இல் வெளிவந்த 'ஸ்பிட்ஃபயர்' என்ற பெயர் போன பந்தயக் காருக்கு, ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் உபயோகித்தார்கள்.

ஹெரால்டு இங்கிலாந்தில் பிறந்தது 1959-இல். உருவம் வகுத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் அது சென்னையிலேயே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனித் தொழிற்சாலையில் தயாராயிற்று. கம்பெனியின் அந்நாளைய சீமைத் தலைவர் தம்முடைய படகின் பெயரைத்தான் இந்த வண்டிக்கு வைத்தார் என்று சொல்வார்கள். படகின் பெயர் தாங்கிய வண்டி கடற்கரைக் குப்பத்துக்குப் போவது பொருத்தந்தானே!

இந்த வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. அது 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். மாட வீதிகளுக்கென்றே செய்தாற்போல் இருக்கும். மற்றொரு விசேஷம், அதன் உடம்பு ஒரே வார்ப்பாக இல்லாமல், துண்டு துண்டாகச் செய்து தனிச் சட்டத்தின் மேல் போல்ட்டு வைத்து முடுக்கப்பட்டது. அதனால்தான் கூரையைக் கழற்றுவது அவ்வளவு சுலபம். அதனாலேயே அந்த வண்டியில் சந்துகளும் இடுக்குகளும் அதிகம். சந்து எங்கே உண்டோ, அங்கே சத்தத்துக்கு வழி உண்டு.

பின் ஸீட்டில் மாமி

சத்தம் என்றால் சாமானியச் சத்தமா? அப்பப்பா! மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பும். மாவு மெஷினும் ரயில் வண்டியும் சேர்ந்து ஜுகல்பந்தி நடத்துகிறாற்போல் இருக்கும். முன்னால் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு அது சங்கீதம். பின் ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமிக்கோ அது சோதனை.

'அப்படியானால் மாமியை முன்னால் உட்கார வைப்பதுதானே?' என்று கேட்பீர்கள். மாட்டாள். எதிரே வரும் தண்ணீர் லாரிகளைப் பார்த்தால் மாமிக்குப் படபடப்பு வந்துவிடும். எழுபது வயதானாலும் மாமி ஒல்லி. முன் ஸீட்டைச் சாய்த்துக் கொடுத்தால் அணிலைப்போல் பின்னால் ஏறிவிடுவாள். ஏறின உடனே செய்கிற முதல் காரியம், காதிலுள்ள கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுவது.

காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கருவிக்கு எல்லாமே ஒலிதான். மனிதக் குரலைப் பெருக்கும்போது இரைச்சலையும் கூடவே பெருக்கிவிடும். இப்போது வருகிற நல்ல கருவிகள் முன்பக்கத்துப் பேச்சைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கின்றன. ஆனால் மோட்டாரில் முன்னால் இருப்பவர்கள் கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறார்கள். அவர்கள் குரல் முன்னால் போகிறது. இரைச்சலோ பின்னாலிருந்து வருகிறது. நடுவே மாட்டிக்கொண்டவருக்குக் கருவியைக் கழற்றுவதைத் தவிர வேறு என்ன வழி?

ஆக, மாமா மாதம் தவறாமல் மாமியைக் கடற்கரைக்கு அழைத்துப் போவதும், போகும் வழி நெடுக அவர் பேசிக்கொண்டே இருப்பதும், மாமி தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதும் வழக்கமாகிவிட்டன. போன வருஷம் மாமி, "எனக்கு இனிமே வேண்டாம்னா; நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். மாமாவின் முகம் வாடிவிட்டது. வண்டியை விற்றுவிடுவது என்றுகூடப் பேச்சு வந்தது. அதன் பிறகுதான் பின்பக்கத்துச் சத்தத்தைக் குறைப்பது என்ற திருப்பணி ஆரம்பமாயிற்று.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

சாதாரண மோட்டாரில் பின் ஸீட்டுக்கு மேலே தகரக் கூரையும், பின்னால் கெட்டியான ஒரு தட்டும் இருக்கும். சக்கரத்தின் இரைச்சல் உள்ளே வர அவை தடை. கூரை மடிக்கிற வண்டியில் அந்தத் தடைகள் கிடையா. மடித்த கூரை உட்காரப் பள்ளம் வேண்டும். ஸீட்டுக்கும் சாமான் பெட்டிக்கும் நடுவே பெரும்பாலும் ஓர் அட்டையோ மெல்லிய தகடோதான் இருக்கும். மாமாவின் வண்டியில் அட்டைதான். பின் சக்கரங்களின் மேல் கவிந்த வளைவுகள் இரண்டும் வெறும் தகரம். கல்லும் மணலும் அதில் தெறிக்கும். டயரின் ரீங்காரம் அதில் மோதும். காலியான சாமான் பெட்டி, கடம் மாதிரி அதை வாங்கிப் பெருக்கிக் கொடுக்கும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கடைக்குப் போய்ப் பஞ்சு வாங்கி அடைக்கக் கூடாது. முதலில் நோய் நாடவேண்டும். மாமாவின் மெக்கானிக் சொல்லித் தந்த சோதனைகள் எல்லாருக்கும் பயன்படும்:

ஒரே வேகத்தில் வழவழப்பான ரோட்டிலும் கரடுமுரடான ரோட்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் குற்றவாளி டயர். ரோடு மாறியும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால், அதிலும் வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால், சக்கரத்தின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு குரல், விடும்போது ஒரு குரல் என்றால் டிஃபரன்ஷியலைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு வீட்டு வைத்தியம். செலவே இல்லை. பழைய ரஜாய், தலையணை, ஜமுக்காளம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சாமான் பெட்டியில் திணித்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வர வேண்டியது. சத்தம் கணிசமாகக் குறைந்தால், பெட்டி வழியாகத்தான் வருகிறது என்று நிச்சயம். குறையவில்லை என்றால், வேறு வழியைத் தேட வேண்டும். மாமியின் கல்யாணத்து மெத்தைகள் அன்று லஸ் முனையைச் சுற்றி வந்தன. சத்தம் குறைந்தது, வழி தெரிந்தது.

தாம்பாளமும் தொப்பியும்

முதலில் டயர்கள். பார்வைக்குப் புதிது மாதிரி இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருந்தது. கையால் ஒரு திசையில் தடவினால் வழவழப்பு. எதிர்த் திசையில் தடவினால் ரம்பம். இப்படித் தேய்ந்த டயர் கட்டாயம் ஊளையிடும். அவற்றை மாற்றி, காற்றும் சரியான அளவு அடித்தவுடனேயே பாதி இரைச்சல் போயிற்று. ஒரு பக்கத்துப் பேரிங்கையும் மாற்றினார்கள்.

அடுத்தது தகரத்தின் வாயை அடக்குவது. எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டினால் 'ணங்' என்று நீளமாக ஒலிக்கும். ஒரு விரலை நடுவில் அழுத்திக்கொண்டு தட்டினால் 'டக்'கென்று நின்றுவிடும். அந்த விரலின் வேலையைத்தான் தார் ஷீட் செய்கிறது. ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளில் கிடைக்கிறது. தகரத்தைச் சுத்தமாகத் துடைத்து, காய வைத்து, அழுத்தி ஒட்ட வேண்டும். சுவர் முழுவதும் அப்ப வேண்டியதில்லை. தகரத்தின் நடுப்பகுதியில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு ஒட்டினாலே போதும். மீதிக்கு ஒட்டுவதெல்லாம் வண்டியின் பாரத்தைத்தான் கூட்டும். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஷீட், சதுர மீட்டருக்கு மூன்று கிலோவாவது இருக்கும்.

"மிருதங்கத் தொப்பியிலே ரவையைப் பிசைஞ்சு அப்பறாளே, அது மாதிரின்னு சொல்லு" என்றார் மாமா. கச்சேரிக் காது படைத்தவர் அல்லவா! தோலில் பாரம் ஏறினால் குரல் கனத்துத் தாழ்கிறது. தகரத்திலும் அப்படியே.

மூன்றாவது காரியம், சந்துகளை அடைப்பது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நூறு பங்குச் சுவரில் ஒரே ஒரு பங்கு ஓட்டை இருந்தால் போதும். சுவர் எவ்வளவு கனமானதாயினும் 20 டெஸிபலுக்கு மேல் அதனால் சத்தத்தைத் தடுக்க முடியாது. கொசுவலையில் ஒரு கிழிசல் மாதிரிதான். ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு. இருட்டினபின் சாமான் பெட்டிக்குள் ஒரு டார்ச்சை ஏற்றி வைத்து மூடிவிட்டு, உள்ளே வந்து பின் ஸீட்டைக் கழற்றிப் பார்த்தால், எங்கெல்லாம் சந்து உண்டோ அங்கெல்லாம் வெளிச்சம் தெரியும். மாமாவின் வண்டியில் அன்று கார்த்திகை தீபம்! அட்டையை எடுத்துவிட்டுக் கெட்டிப் பலகை வைத்து, ஓரங்களில் ரப்பர் பட்டை கொடுத்தார்கள். இதில் மற்றொரு லாபமும் உண்டு. ஹெரால்டில் பெட்ரோல் டாங்கி சாமான் பெட்டிக்குள் இருக்கிறது. இப்போது பெட்ரோல் வாடையும் உள்ளே வருவதில்லை.

நாலாவது, சத்தத்தை உறிஞ்சுவது. பலகையின் மேலும் சக்கர வளைவுகளின் மேலும் மெத்தென்று ஏதாவது போர்த்த வேண்டும். இங்கே கடற்கரைக்காரர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கம்பளி ஃபெல்ட் சத்தத்தை உறிஞ்சும்; உப்புக் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். அடியில் இருக்கும் தகரம் யாருக்கும் தெரியாமல் துருப்பிடித்து, ஒரு நாள் பொலபொலவென்று உதிரும். கூரை மடிக்கிற வண்டியில் மழைத் தண்ணீர் இறங்காமலும் இராது. ஆகவே கீழ்ப் பகுதியில் தண்ணீர் குடிக்காத ரப்பர் நுரையும், மேல் பகுதியில் மட்டும் ஃபெல்ட்டும் போடுவது உத்தமம். தண்ணீர் வடியும் துளைகளை எக்காரணத்தைக் கொண்டும் அடைக்கவே கூடாது.

1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் கார்க் கம்பெனிக்கு ஒரு விளம்பரம் வந்தது. அறுபது மைல் வேகத்தில் அந்த வண்டிக்குள் கேட்கிற பெரிய சத்தம் கடிகாரத்தின் சத்தந்தான் என்று அதில் சொல்லியிருந்தார்கள். மாமாவின் ஹெரால்டு அப்படி ஆகிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். கூரையை மடித்துவிட்டு வேகமாகப் போனால் காற்றின் இரைச்சலுக்கு மருந்தே கிடையாது. ஆனால் 40, 45 கிலோமீட்டர் வேகத்தில், கடற்கரைக்குப் போகிற நிதானத்தில், பின்பக்கத்து மாவு மெஷின் நின்றுவிட்டது.

மயிலையிலிருந்து அடையாறு

ஒரு தை மாதத்து மாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். மாமா ஓட்டினார், பக்கத்தில் நான், பின்னால் மாமி. லஸ்ஸிலிருந்து ராமகிருஷ்ண மடம் சாலை. நாங்கள் போன நாளில் மெட்ரோ ரயில் வேலை காரணமாக ரோடு மேடும் பள்ளமுமாக இருந்தது. வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் ஏது? மந்தைவெளி தாண்டி, துர்காபாய் தேஷ்முக் சாலையில் திரும்பினோம். ஆந்திர மகிள சபையை 1937-இல் ஸ்தாபித்த அந்த அம்மையாரின் பெயரைத் தாங்கிய சாலை. அப்புறம் திரு.வி.க. பாலம். பாலத்தின் மேல் வரும்போது இடப்பக்கம் அடையாறு அகன்று, நாணலும் கொக்குமாகக் கடலை நோக்கிப் போவது தெரியும்.

பாலம் இறங்கியதும் பிரம்மஞான சபையின் தோட்டம். 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய சபை, 1882-இல் இந்தத் தோட்டத்தை வாங்கி இங்கே குடி வந்தது. சபையை ஸ்தாபித்தவர்களில் ஒருவர்தான் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட். அமெரிக்கர், அங்கே உள்நாட்டு யுத்தத்தில் பணி புரிந்தவர். 1894-இல், பஞ்சமர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஏழைக் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். 1907-இல் அடையாற்றிலேயே காலமானார். அவருக்குப் பின் தலைவரானவர் அன்னி பெஸன்ட் அம்மையார். அம்மையாரின் பெயர் நகருக்கு வாய்த்தது. கர்னலின் பெயர் குப்பத்துக்கு வாய்த்தது. பெஸன்ட் அவென்யூவில் ஒல்காட் நினைவுப் பள்ளி இன்றும் நடக்கிறது.

அந்த அவென்யூவில்தான் அது நடந்தது. சபையின் மதில் ஓரம், மர நிழலில் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்:

"கொஞ்சம் மெதுவாப் போங்கோ. குயில் கூவறது."

மாமா திடுக்கிட்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டார். காதில் கருவி இருந்தது. குயில் உண்மையாகவே கூவிக்கொண்டிருந்தது.

"ஏண்டீ, கேக்கறதா உனக்கு?" என்றார் மாமா.

"நன்னாக் கேக்கறது. இன்னிக்காவது எலியட்ஸ் பீச்சுக்குப் போகாம, அந்த ஒடைஞ்ச பாலத்துப் பக்கம் போகலாமா? எத்தனை வருஷமாச் சொல்லிண்டிருக்கேன்!"

"எப்போடீ சொன்னே?"

"ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துலே வரச்சேதான் சொல்லுவேன். உங்களுக்குக் கேட்டாத்தானே?"

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. சத்தம் மாமிக்கு மட்டுந்தான் இடைஞ்சல் என்று நாங்கள் அனைவரும் நினைத்திருந்தோம். பின்னாலிருந்து வந்த ஒரு குரல் இத்தனை வருஷமாக முன்னால் வந்து சேரவே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

குப்பத்தில்

பெஸன்ட் நகரின் கடைசித் தெருக்களைக் கடந்ததும் காற்றின் வாசனை மாறிவிடுகிறது. உப்பு, கருவாடு, வலை நூல், புதிதாய்ப் பொங்கிய சோறு எல்லாம் கலந்த வாசனை. தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். வீட்டு வாசலிலே பெண்கள் நெத்திலியை ஆய்கிறார்கள். மணலில் கண்ணாடி நார்ப் படகுகள் வரிசையாக மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு காலத்தில் கட்டுமரங்கள் கிடந்த இடம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி இந்தக் கரையிலும் புகுந்தது. அதற்குப் பிறகு, இந்தக் கரை நெடுகிலும், கட்டுமரம் குறைந்து கண்ணாடி நார்ப் படகே பெருகிவிட்டது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். மாமா அவரிடம் வண்டியின் சரித்திரத்தையும், தார் ஷீட் மகாத்மியத்தையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். பெரியவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"போட்டுலயும் அதே கதைதான் சார். கட்டுமரத்துல போனப்ப அலை பேசறது கேக்கும், காத்து மாறுறது கேக்கும். இப்ப எஞ்சின் பின்னால இருக்குதா, முன்னால இருக்கறவன் கத்தினாலும் பின்னால இருக்கறவனுக்குக் கேக்காது. எல்லாம் கை ஜாடைதான்."

மாமி சிரித்தாள். பெரியவர் மறுபடியும் சொன்னார்:

"உள்ள சத்தம் கொறைஞ்சிருச்சின்றீங்க, நல்லதுதான். வெளிய இருக்கற எங்களுக்கு வண்டி வண்டியாத்தான் சார் கேக்குது. விடியக்காத்தால மூணு மணிக்குக் கடலுக்குப் போறவன் மத்தியானந்தான் தூங்கணும். அந்த நேரத்துலதான் ஆரன் அடிச்சுக்கினு வர்றாங்க."

எவ்வளவு உண்மை! தார் ஷீட்டும் ஃபெல்ட்டும் உள்ளே இருப்பவருக்குத்தான். வெளியே இருப்பவருக்கும் சேர்த்துச் சத்தத்தைக் குறைக்கிற சிகிச்சைகள் சிலவே. நல்ல டயர் ஒன்று. பழுதில்லாத பேரிங் ஒன்று. எல்லாவற்றிலும் சிறந்தது மெதுவாகப் போவது. வேகம் இரு மடங்கானால் டயரின் இரைச்சல் ஒன்பது டெஸிபலாவது ஏறும். பத்து டெஸிபல் ஏறினால் நம் காதுக்குச் சத்தம் இரட்டித்தாற்போல் படும். ஆகவே 60-இல் போகிறவர் 30-க்கு இறங்கினால், தெருவுக்கு இரைச்சல் ஏறக்குறைய பாதியாகிவிடும். காலணாச் செலவில்லை, காலைச் சற்றுத் தூக்கினால் போதும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெஸிபல், இரவுக்கு 45 என்று எல்லை வகுத்திருக்கின்றன. பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் சுற்றி நூறு மீட்டருக்கு அமைதி மண்டலம் உண்டு. குப்பத்துத் தூக்கத்துக்கென்று தனி மண்டலம் கிடையாது. அதை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்கழி வந்தால் மயிலாப்பூர் சபாக்களில் சங்கீதம். அந்தச் சங்கீதம் அடையாற்றைத் தாண்டி இந்தக் குப்பத்துக்கு வர வெகு காலம் ஆயிற்று. 2015-இல் சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணாவும், சமூக ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமனும், குப்பத்து மக்களும் நண்பர்களும் சேர்ந்து இங்கே ஒரு கலை விழா தொடங்கினார்கள். கர்நாடக சங்கீதமும், பரதமும், பறையும், கூத்தும் ஒரே மேடையில். பின்னால் அது 'சென்னைக் கலைத் தெரு விழா' என்று பெயர் பெற்றது. கேட்கிறவர்கள் இவர்கள், கேட்காதவர்கள் அவர்கள் என்று நாம் போட்டு வைத்திருக்கிற கோடு எவ்வளவு மெலிந்தது என்பதை அந்த விழா காட்டிவிட்டது.

உடைந்த பாலம்

வண்டியைத் தெருக்கோடியில் நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு, வடக்கே நடந்தோம். மணல் திட்டு, தேங்கிய ஆற்று நீர், கழியில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரைகள். அதற்கப்பால் ஆற்றின் குறுக்கே, பாதியில் நின்றுவிட்ட பாலம். 1967-இல் மீனவர்கள் கரை தாண்டுவதற்காகக் கட்டினார்கள். 1977-இல் ஆற்று வெள்ளம் அதன் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. திருப்பிக் கட்டவில்லை. அப்புறம் சினிமாக்காரர்களுக்குத்தான் அது நன்றாகப் பயன்பட்டது.

"நான் இதுலே நடந்திருக்கேன்" என்றாள் மாமி. "அண்ணாவோட. பட்டினப்பாக்கத்துலேருந்து இந்தக் கரைக்கு. அப்போ பதினாலு வயசு. நடுப்பாலத்துலே நின்னா ஒரு காதுலே ஆறு, ஒரு காதுலே கடல். ரெண்டுக்கும் வேற வேற சத்தம்."

மாமா கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இவ்வளவு வருஷத்துக்குப் பின் மனைவியிடமிருந்து கேட்கிற புதுக் கதை. அண்ணா இப்போது இல்லை. பாலமும் அரைப் பாலம். மாமி இரண்டு கைகளாலும் காதுக் கருவியைச் சரி பண்ணிக்கொண்டு, ஆற்றையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

போகிறவர்களுக்கு

ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போக விரும்புகிற நேயர்களுக்குச் சில குறிப்புகள். படகுகள் கரையேறும் காலை வேளையில் போனால், கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் பார்க்கலாம், சாப்பிடுகிறவர்கள் வாங்கலாம். சங்கராவும் நெத்திலியும் நண்டும் அன்றன்றைக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும்; பேரம் பேசுவதில் அந்தப் பெண்களை யாரும் ஜயித்ததில்லை. மாலையில் போனால் காற்று வாங்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் கடலாமைகள் முட்டையிட வரும். மாணவர்கள் இரவில் நீலாங்கரையிலிருந்து நடந்து வந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். அந்த நாட்களில் மணலில் விளக்கைப் பிரகாசமாக அடிக்கக் கூடாது; வெளிச்சம் குஞ்சுகளுக்கு வழி தப்பச் செய்யும். உடைந்த பாலத்தின் மேல் ஏறுவது அபாயம். தூரத்தில் நின்று பார்ப்பதே நல்லது. முகத்துவாரத்தில் குளிக்க இறங்கவே கூடாது. மேலே அமைதியாய்த் தோன்றினாலும் அடியில் இழுப்பு உண்டு.

பகல் ஒன்றிலிருந்து நாலு மணி வரை போகாதிருப்பது மரியாதை. எந்த நேரம் போனாலும், வண்டி எவ்வளவு உயர்ந்த வண்டியாக இருந்தாலும், அதைப் பெஸன்ட் நகர்ப் பக்கமே விட்டுவிட்டுக் குப்பத்துத் தெருவில் நடந்தே போகலாம். நூறு அடி நடந்தால் போதும். அலை ஓசை கேட்க ஆரம்பித்துவிடும்.